மணல் மேட்டுக்குப் பான்ஷீ: எதை முதலில் செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். தேவகோட்டைக்காரர், இப்போது ஷார்ஜாவில் வேலை. நண்பர்கள் சேர்ந்து பழைய யமஹா பான்ஷீ 350 என்ற நான்கு சக்கர டூ-ஸ்ட்ரோக் மணல் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். நவம்பரில் ஷார்ஜாவின் பாதாயர் பாலைவன மணலில் இறங்க ஆசை. ஊரில் ஆர்எக்ஸ் 100 பிரித்துப் பூட்டிய பழக்கம் உண்டு. 4 மிமீ ஸ்ட்ரோக்கர் கிராங்க் (பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டுவது), போர்ட் வேலை (சிலிண்டரில் கலவையும் புகையும் போகும் வாய்களை வெட்டி மாற்றுவது), பெரிய கார்புரேட்டர், சைலன்சர் இவற்றில் எதை முதலில் செய்வது, லீவில் வரும்போது சிலிண்டரைக் கொண்டுவந்து காரைக்குடி லேத்தில் போர் போட்டுக்கொள்ளலாமா, அதாவது உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கலாமா என்பது கேள்வி. பவர் ஏற்றும் வழியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நவம்பரில் இறங்கினால் மார்ச் வரை இந்த எஞ்சின் தாங்குமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பல வருடம் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பார்த்தவன். இப்போது காரைக்குடியில் சொந்தப் பட்டறை. இங்கே வருவது பெரும்பாலும் ஆர்எக்ஸ், எப்போதாவது ஒரு ராஜ்தூத் 350. பான்ஷீ உங்களுக்கு முழுக்கப் புதிய பிராணி அல்ல. 1987-லிருந்து 2006 வரை அமெரிக்காவில் விற்ற வண்டி. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல் மேடுகளில் பெயர் வாங்கியது. இரட்டை சிலிண்டர், 347 சிசி, போர் 64 மிமீ, ஸ்ட்ரோக் 54 மிமீ. நம் ராஜ்தூத் 350-க்கும் அதே போர், அதே ஸ்ட்ரோக். இதை வைத்துச் சிலர் ராஜ்தூத் பிஸ்டனைப் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ராஜ்தூத் காற்றில் குளிரும் எஞ்சின், பான்ஷீ தண்ணீரில் குளிர்வது. அளவு ஒன்றாக இருப்பதால் பாகம் ஒன்றாகிவிடாது.

ஆர்எக்ஸ் அனுபவம் கைக்கு உதவும், ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு ஆர்எக்ஸை எவ்வளவு விரட்டினாலும் வளைவு வரும், வேகத்தடை வரும், ஆடு குறுக்கே வரும். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிப்பீர்கள், எஞ்சின் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்ளும். மணலில் அந்த இடைவெளி கிடையாது. துடுப்பு டயர் மணலைக் கவ்வித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு மேட்டை ஏறி முடிக்கும்வரை முழு ஆக்ஸிலேட்டர், முழுச் சுமை. ரோட்டில் ஒரு வருடம் ஒளிந்துகொண்டிருக்கும் சின்னக் குறை மணலில் முதல் நாள் காலையிலேயே பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறுகப் பிடிக்கவைத்துவிடும். அதனால் என் வரிசை இப்படி: காற்றுக் கசிவு, ஃபில்டர், ஆயில், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளைத் திருகு). அதற்கப்புறம் டயரும் கியரும். பவர் வேலையெல்லாம் கடைசி.

வாங்கிய வண்டியைக் கிக் அடித்துப் பார்த்து 'சவுண்டு நல்லா இருக்கு' என்று திருப்திப்பட வேண்டாம். முதல் வேலை லீக் டெஸ்ட். சைலன்சரைக் கழற்றி இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றி ஒரு இன்டேக் வாயை அடையுங்கள், இன்னொன்றில் காற்றுக் குழாயைப் பொருத்துங்கள். பிளக் இரண்டும் அதன் இடத்தில் இருக்கட்டும். இரண்டு சிலிண்டரையும் சேர்த்தே அடைப்பதற்குக் காரணம், கிராங்கின் நடுவில் இருக்கும் சீல் முழுக்கக் காற்றைத் தடுக்கும் ரகம் அல்ல. ஒரு பக்கக் காற்று மறுபக்கம் போகும். காற்றடிக்கக் கம்ப்ரசர் வேண்டாம், அதன் அழுத்தம் சீலையே பிதுக்கித் தள்ளிவிடும். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய மீட்டரும் பல்பும் போதும். அந்த மீட்டரில் முள் 300-க்கு வந்தால் ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. பல்பை அங்கே நிறுத்திவிட்டு 6 நிமிடம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு, சிலிண்டர் அடிப்பக்கம், இன்டேக் ரப்பர், ரீட் வால்வு கேஸ்கெட் என்று ஒவ்வொன்றாகத் தடவுங்கள்.

அப்புறம் இடது பக்க மேக்னெட் கவரைக் கழற்றி, ஃபிளைவீலுக்குப் பின்னால் கிராங்க் சீல் இருக்கும் இடத்தில் தடவுங்கள். பழைய பான்ஷீயில் பெரும்பாலும் அங்கேதான் குமிழ் எழும். முதலில் ஊசிமுனை அளவில் ஒன்று வரும், பிறகு வரிசையாக. சீலின் உதடு ரப்பர் தன்மை போய் நகம் போல விறைத்திருக்கும். அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகும், பெட்ரோல் போகாது. கலவை லீனாகும், சூடு ஏறும், இடது பிஸ்டன் முதலில் பிடிக்கும். வலது பக்கம், அதாவது கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை வேறு. கியர் பாக்ஸ் ஆயில் எஞ்சினுக்குள் இழுபட்டு வெள்ளைப் புகை தள்ளும், கியர் ஆயில் காரணமில்லாமல் குறையும். டெஸ்டின்போது கியர் பாக்ஸின் காற்றுக் குழாய் முனையில் சோப்பு நுரை வைத்தால் அது தெரிந்துவிடும். சீல் விலை அற்பம். மாற்றாமல் மேலே செய்யும் எந்த வேலைக்கும் அர்த்தம் இல்லை.

காரைக்குடி லேத் பற்றிக் கேட்டீர்கள். சிலிண்டர் போர் போடுவதற்கு, தாராளமாக. பான்ஷீ சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ்தான், ஆர்எக்ஸ் போர் போடும் அதே மெஷினில் நடக்கும். 64 மிமீயிலிருந்து 66 மிமீ வரை ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறது. ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிஸ்டன் இரண்டையும் கையோடு கொண்டுவாருங்கள். அளவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிப் போர் போடச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குரிய சிலிண்டரை அதற்கேற்பப் போட வேண்டும், எது இடது எது வலது என்று பெயின்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்தது கிளியரன்ஸ், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளி. நம் லேத்காரர்கள் ஆர்எக்ஸ் பிஸ்டனுக்குக் கைப்பழக்கத்தில் ஒரு கிளியரன்ஸ் வைத்திருப்பார்கள். அது வார்ப்புப் பிஸ்டனுக்கானது. நீங்கள் வாங்குவது ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்றால் அது சூட்டில் அதிகம் விரியும், கூடுதல் இடம் கேட்கும். பெட்டிக்குள் வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் காட்டுங்கள், அதுதான் கணக்கு. மூன்றாவது, போர் போட்டதும் ஒவ்வொரு போர்ட்டின் விளிம்பும் கத்திபோல இருக்கும். அதை அரம் அல்லது சின்னக் கல் வைத்து மழுக்கி, பிறகு ஹோன் செய்ய (உள்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்க) வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். ரிங் அந்த விளிம்பில் மாட்டினால் புதுப் பிஸ்டன் ஒரு நாள்கூடத் தாங்காது. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது.

கிராங்கை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். ஆர்எக்ஸ் கிராங்கில் கனெக்டிங் ராடு மாற்றித் தட்டி நேராக்கும் கைகள் இங்கே நிறைய உண்டு, நல்ல கைகள். பான்ஷீ கிராங்க் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து அழுத்திப் பூட்டியது, நான்கு பேரிங், நடுவில் சீல். அதை நேராக்க அதற்கான ஜிக் வேண்டும். டயல் கேஜில் ஆட்டம் 0.05 மிமீக்கு மேல் இருந்தால் சரிசெய்தாக வேண்டும். அந்த வேலையை இரட்டை சிலிண்டர் கிராங்க் வழக்கமாகச் செய்பவரிடம் கொடுங்கள், அல்லது புதுக் கிராங்க் வாங்குங்கள். இன்னொன்று, சிலிண்டரை விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் துளிப் பெட்ரோல் வாசனைகூட இல்லாமல் கழுவிக் காயவைத்து எடுத்துவாருங்கள். எஞ்சின் பாகத்தில் எரிபொருள் மிச்சம் இருந்தால் ஏற்றமாட்டார்கள்.

ஃபில்டர் விஷயத்தை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் மணல் உள்ளே போனால் வால்வையும் ரிங்கையும் தின்னும். டூ-ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. உள்ளே போகும் ஒவ்வொரு துகளும் முதலில் கிராங்க் பேரிங்கையும் ராடின் பெரிய முனைப் பேரிங்கையும் தொட்டுவிட்டுத்தான் பிஸ்டனுக்குப் போகும். அந்த ஊர் மணல் காய்ந்த பொடி, நம் செம்மண் புழுதிபோல ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்காது, பறந்துகொண்டே இருக்கும். அதனால் நல்ல ஃபோம் ஃபில்டர், அதற்கென்று உள்ள பிசுக்கு ஆயில், மேலே மெல்லிய துணி உறை. ஃபில்டரின் விளிம்பில் வளையமாகக் கிரீஸ். ஓட்டி முடித்ததும் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று ஏதாவது பட்டால் எங்கேயோ வழி இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தினமும் மாற்ற இரண்டு மூன்று ஃபில்டர் தயாராக இருக்கட்டும்.

ஆயில் கலவைக்கு வருவோம். ஆர்எக்ஸில் ஆயில் பம்ப் தானே பார்த்துக்கொள்ளும். பான்ஷீயில் பம்ப் கிடையாது, டிவிஎஸ் 50-க்குப் பங்கில் கலந்து ஊற்றுவார்களே, அதேபோல நீங்கள்தான் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கருத்து, சண்டையே நடக்கும். 24-க்கு 1 என்பவர் உண்டு, 40-க்கு 1 போதும் என்பவரும் உண்டு. மணலுக்கு நான் 32-க்கு 1 வைப்பேன், அதாவது லிட்டருக்கு 31 மில்லி, நல்ல சிந்தெடிக் 2டி ஆயில். இதுதான் சரி, மற்றது தவறு என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை: ஒரு விகிதத்தைப் பிடித்தால் அதை மாற்றாதீர்கள். பயத்தில் ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். அதே ஜெட் வழியாகப் போகும் அளவில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், கலவை லீனாகும். ஆயிலை மாற்றினால் ஜெட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஜெட் நம்பர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிருந்து யாரும் சரியான நம்பர் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். ஃபில்டர் பெட்டி மூடியைக் கழற்றி, சைலன்சரும் மாற்றி, பழைய 26 மிமீ மிகுனி கார்புரேட்டரே இருந்தால், மெயின் ஜெட் பெரும்பாலும் 260-க்கும் 300-க்கும் நடுவில் வந்து நிற்கும். 300-ல் தொடங்கி இறங்கி வாருங்கள், கீழிருந்து ஏறாதீர்கள். ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக இருந்தால் எஞ்சின் மந்தமாகித் தடுமாறும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் பிரமாதமாக ஓடும், அப்புறம் ஒரேயடியாக நிற்கும். உண்மையான மணலில், உண்மையான டயரோடு, நீண்ட ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் போய், கிளட்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்த நிறத்தை நம்பக் கூடாது. வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 3 சதவீதம் அடர்த்தி கூடும். மதியம் சரியாக இருந்த ஜெட் மறுநாள் விடியற்காலைக் குளிரில் லீனாகும். எந்த நேரத்தில் ஓட்டப்போகிறீர்களோ அந்த நேரத்தில் குளிராக இருக்கும் காற்றுக்கு ஜெட் வையுங்கள்.

பிளக் என்ஜிகே 8-ம் எண் ரகம்தான் வழக்கம். நீண்ட ஏற்றங்கள் ஏறுவதானால் 9 போடலாம். அந்தக் கம்பெனியில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. கம்ப்ரஷன் ஏற்றும் ஆசை இருந்தால் முதலில் ஸ்குவிஷ் அளவை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியை, அளந்து பாருங்கள். பற்றவைக்கும் ஈயக் கம்பியில் இரண்டு துண்டு எடுத்து, பிஸ்டன் பின் ஓடும் திசையில் இரு ஓரத்திலும் ஒரே நேரத்தில் படும்படி வைத்து, கிராங்கை ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். நசுங்கிய இடத்தின் தடிமன் 1.0-லிருந்து 1.2 மிமீ வரை இருந்தால் நல்லது. கம்ப்ரஷன் கேஜில் 150 பிஎஸ்ஐயைத் தாண்டாமல் வைத்தால் அங்கே பங்கில் கிடைக்கும் 98 ஆக்டேன் பெட்ரோலிலேயே ஓட்டலாம். இக்னிஷனை 4 டிகிரி முன்னுக்குத் தள்ளும் தகடு எல்லாரும் போடுகிறார்கள். ரோட்டில் சுறுசுறுப்பு தெரியும், மணலில் அது சூடாகவும் திரும்பி வரும். முதல் சீசனுக்கு அதைத் தொடாமல் விடுங்கள் என்பேன்.

இப்போது நீங்கள் ஆசைப்பட்ட விஷயம். 4 மிமீ ஸ்ட்ரோக்கர் போட்டால் ஸ்ட்ரோக் 58 ஆகும், 64 மிமீ போரில் 373 சிசி. 26 சிசி கூடுதல், நல்ல இழுவை. ஆனால் அதற்குத் தனிக் கிராங்க் வேண்டும், அதற்கேற்ற ஹெட் வேண்டும், போர்ட் உயரக் கணக்கு மொத்தமும் மாறும். முதல் வண்டிக்கு அது வேண்டாம். போர்ட் வேலையும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்த உயர்த்தப் பவர் மேல் ஆர்பிஎம்முக்கு ஓடும், கீழே காலியாகும். நேர்கோட்டுப் பந்தயத்துக்கு அது சரி. மேடு ஏறி, வளைந்து, இறங்கி, திரும்ப ஏறும் உங்களுக்கு நடுவில்தான் பலம் வேண்டும். காசு செலவழித்தே தீருவேன் என்றால் நல்ல சைலன்சர் ஜோடி வாங்குங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர்தான் பாதி எஞ்சின். வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைத் திரும்பும் அலை அழுத்தம் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும், அது எந்த ஆர்பிஎம்மில் நடக்கும் என்பது குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. டூமி டி5, எஃப்எம்எஃப் ஃபேட்டி போன்ற நடுப்பகுதி ரகம் உங்களுக்குப் பொருந்தும். உச்சியில் மட்டும் வெடிக்கும் டிராக் ரகம் வேண்டாம். கார்புரேட்டர் பழையதே போதும், அதைப் பிரித்து நன்றாகச் சுத்தம் செய்யுங்கள்.

பவரைவிட அதிக வித்தியாசம் காட்டுவது டயர். பின்னால் துடுப்பு டயர், 8 துடுப்பு உள்ளது. 10, 12 என்று போகாதீர்கள், ஸ்டாக் எஞ்சினால், அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள எஞ்சினால், அதைச் சுழற்ற முடியாது, ஏற்றத்தின் நடுவில் ஆர்பிஎம் விழுந்து நிற்கும். முன்னால் நடுவில் ஒற்றை வரம்பு ஓடும் டயர் இருந்தால்தான் ஹேண்டில் சொன்னபடி கேட்கும். காற்று 4-லிருந்து 6 பிஎஸ்ஐ. துடுப்பு டயரோடு தார் ரோட்டில் ஓட்டக் கூடாது, துடுப்பும் தேயும், செயினும் அடிவாங்கும். ஸ்டாக் கியர் 14-க்கு 41. ஏற்றத்தில் மூச்சுத் திணறினால் முன்பல்லை 13 ஆக்குங்கள், ஸ்ட்ரோக்கருக்கு ஆகும் செலவில் மிகச் சின்னப் பங்குதான் ஆகும். கிளட்ச் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பானதாக மாற்றி, கியர் ஆயிலை அடிக்கடி மாற்றுங்கள். ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது, அதனால் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் கதை பேச வேண்டாம். தண்ணீர் பம்பின் இறக்கை பிளாஸ்டிக், பழைய வண்டியில் கவரைத் திறந்து அதைப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டும் முறையிலும் இரண்டு விஷயம் எஞ்சினைக் காப்பாற்றும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பாயாதீர்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சிலிண்டரைவிடச் சீக்கிரம் விரியும், ரேடியேட்டரின் மேல்பக்கம் கைக்கு வெதுவெதுப்பாகும்வரை மெதுவாக உருட்டுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக் கியரில் இறங்காதீர்கள். ஆர்பிஎம் அதிகம், பெட்ரோல் போகவில்லை, அதில் கலந்த ஆயிலும் போகவில்லை. கிளட்சைப் பிடித்து அவ்வப்போது லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பழைய பான்ஷீகளில் ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கொண்டால் எஞ்சினை அணைக்கும் டார்ஸ் என்ற ஏற்பாட்டைப் பலர் கழற்றிவிடுகிறார்கள், அது பழசானால் தொல்லை தரும் என்பது உண்மை. உங்கள் வண்டியில் கழற்றியிருந்தால், கையில் கட்டும் கயிறு இழுபட்டால் எஞ்சின் நிற்கும் சுவிட்ச் கட்டாயம் போடுங்கள். மணல் நுழைந்து ஆக்ஸிலேட்டர் மாட்டுவது அங்கே நடக்கிற விஷயம். உயரக் கொடிக் கம்பும் கட்டாயம், கிளாமிஸில் தரையிலிருந்து 8 அடி உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தையே வையுங்கள். மேட்டின் மறுபக்கம் வருபவருக்கு உங்களைக் காட்டுவது அது ஒன்றுதான். காற்றுப் பக்கம் சாய்வாக ஏறும் மேடு, மறுபக்கம் சுமார் 33 டிகிரிக்குச் சட்டென்று சரியும். உச்சியை நேராகத் தாண்டாமல் சாய்வாக அணுகி, மறுபக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஹெல்மெட், கழுத்துப் பட்டை, பூட்ஸ் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், சும்மா ஒரு ரவுண்டு என்றாலும் சரி.

வண்டியைப் பிறகு ஊருக்குக் கொண்டுவரலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இங்கே ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்கும் ரகம் அல்ல அது. செட்டிநாட்டில் நமக்கு இருப்பது செம்மண்ணும் காய்ந்த கண்மாயும்தான், மணல் மேடு இல்லை. கடலோர மணல் மேடுகள் 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் முதல்தரப் பாதுகாப்பில் இருக்கின்றன, திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே இறங்கக் கூடாது. வண்டியை ஷார்ஜாவிலேயே ஓட்டி அங்கேயே விற்றுவிடுங்கள்.

லீக் டெஸ்டில் முள் எவ்வளவு இறங்கியது, இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் எவ்வளவு, இப்போது எந்த ஜெட் இருக்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். இரண்டு பிஸ்டனின் மேல்பக்கத்தையும் எக்ஸாஸ்ட் வாய் வழியாகப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. போர் போட வேண்டுமா, ரிங் மாற்றினால் போதுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.